வண்டியில் இடமுண்டு, பாலிசியில் இடமில்லை

மோட்டார் இன்சூரன்ஸ் என்றால் நம்மில் பலருக்கு அது போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டிக் கேட்கும் ஒரு காகிதம். வண்டி எடுக்கும்போது ஷோரூமில் போட்டார்கள், பிறகு புதுப்பிக்க மறந்தோம், மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். அதோடு அந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறோம். ஆனால் அதற்குள் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. சாலையில் செத்துப்போகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு, அந்த உயிருக்கு என்ன விலை, யாருடைய உயிருக்கு விலையே கிடையாது என்றெல்லாம் தீர்மானித்த வரலாறு அது. அந்தச் சட்டத்தில் சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் அது வெளியே நிறுத்துகிறவர்களை வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலும் நம் தெருக்காரர்களாகவே இருக்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கடற்கரைச் சாலையும் குட்டி யானையும்

கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று தொண்டி நோக்கிப் போகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. பெரிய சாலை. லாரிகளும் ஆம்னி பேருந்துகளும் மீன் வண்டிகளும் வேகம் குறையாமல் போகிற சாலை. அதிலிருந்து உள்ளே பிரிகிற ஊர்ச் சாலைகளின் முடிவில், பல இடங்களில் ஊரையும் தாண்டிய கடைசியில், நம் குடியிருப்புகள். பேருந்து ஊரோடு நின்றுவிடும். சில இடங்களில் ஊருக்கே வராது.

நடவுக்கும் களைக்கும் கருவேலம் வெட்டுவதற்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்களும் ஆண்களும் எதில் போகிறார்கள்? வேலைக்குக் கூப்பிடுகிறவர் அனுப்பும் டாடா ஏஸில். நாம் குட்டி யானை என்று சொல்லும் சரக்கு வண்டியில். இல்லையென்றால் டிராக்டர் டிரெய்லரில். சாவு வீட்டுக்கும் அதுதான், காதுகுத்துக்கும் அதுதான். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றுவதும் அதில்தான். நெல் மூட்டைக்கும் உர மூட்டைக்கும் செய்யப்பட்ட தொட்டியில் இருபது பேர் நின்றுகொண்டே போகிறார்கள்.

அந்த வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? தொட்டியில் இருந்த மூட்டைக்கு உரிமையாளர் வண்டியில் இருந்தால் அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வண்டி மோதிய ஆட்டோவில் இருந்தவருக்குப் பொறுப்பு உண்டு. சாலையோரம் நடந்துபோனவருக்கும் உண்டு. தொட்டியில் நின்ற இருபது பேருக்கு? நீதிமன்றத்தின் மொழியில் அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: ‘இலவசப் பயணி’. கூலிக்காக ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு ‘இலவச’ என்று பெயர்! இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் சாலை, அப்புறம் வண்டி

நம் மக்களுக்கும் சாலைக்குமான உறவு விபத்தில் தொடங்கவில்லை, தடையில் தொடங்குகிறது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை மணமேல்குடி வட்டாரம் தஞ்சை மாவட்டத்தோடு, அதாவது பழைய சென்னை மாகாணத்தோடு இருந்தது. அந்த மாகாணத்தில் பொதுச் சாலையில் நடக்கவே நாம் போராட வேண்டியிருந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் அலுவலகங்களும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்தவை என்று அரசை அறிவிக்கச் செய்தார். அரசாணை போட்டுத்தான் நடக்கிற உரிமையைப் பெற்றோம்.

அடுத்தது வண்டி. நமக்குத் தெற்கே ராமநாதபுரம் ஜில்லாவில், தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. 1920களின் இறுதியில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கிற பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்ட பிறகுதான் கதவு திறந்தது.

அதே காலத்தில், 1929-இல், மராட்டியத்தின் சாலிஸ்காவில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழுவின் உறுப்பினராகப் பயணம் செய்த அண்ணல் அம்பேத்கரை, அந்த ஊர் மகர் மக்கள் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போக விரும்பினார்கள். குதிரைவண்டிக்காரர்கள் யாரும் ஒரு தீண்டப்படாதவரை வைத்து ஓட்டச் சம்மதிக்கவில்லை. வாடகை பிரச்சினையில்லை, கௌரவம்தான் பிரச்சினை. கடைசியில் ஒரு சமரசம்: வண்டியைத் தருகிறோம், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு மகர் இளைஞர் ஓட்டினார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கியது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அண்ணல் கல் பாவிய தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்து, பல நாட்கள் நடக்க முடியாமல் கிடந்தார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்த விபத்தை இன்றைய காப்பீட்டு மொழியில் எழுதினால் எப்படி இருக்கும்? ‘அனுபவமற்ற ஓட்டுநர். அதிக ஆபத்து. இழப்பீடு இல்லை.’ ஆனால் ஓட்டத் தெரிந்தவர் ஏன் ஓட்டவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஆபத்தைச் செய்தது ஓட்டியவர் கை என்று பதிவாகும். ஆபத்தை உண்டாக்கிய சாதி பதிவாகாது. இந்த ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுக்கப் புரியும்.

காப்பீடு கட்டாயமான கதை

ஒரு வண்டி இன்னொருவரை இடித்துக் கொன்றுவிட்டால், ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால், செத்தவர் குடும்பம் என்ன செய்யும்? மோட்டார் வண்டி வந்த எல்லா நாட்டிலும் எழுந்த கேள்வி இது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927 முதல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ‘மூன்றாம் நபர்’ காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. வண்டிக்காரர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர், அடிபடுகிற வெளியாள் மூன்றாம் நபர். நாம் ‘தேர்டு பார்ட்டி’ என்று சொல்வது இதைத்தான்.

அதே அச்சில் இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் எட்டாம் அத்தியாயம்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1946 ஜூலை 1. வழக்குகளை விரைவாக முடிக்கத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க 1956-இல் திருத்தம் வந்தது. யார் தவறு என்று நிரூபிக்காமலே ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்ற பிரிவு 1982-இல் சேர்ந்தது: உயிருக்கு 15,000 ரூபாய். இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலானது.

காப்பீட்டை அண்ணல் எப்படிப் பார்த்தார் என்பதும் இந்த இடத்தில் முக்கியம். 1947-இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அவர் எழுதிக்கொடுத்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணம், முக்கியத் தொழில்களையும் விவசாயத்தையும் அரசுடைமையாக்கச் சொல்கிறது. அதோடு காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொரு குடிமகனும் தன் கூலிக்குத் தகுந்த ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசே கட்டாயமாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. காப்பீடு வாங்க முடிந்தவன் வாங்கிக்கொள்ளும் சரக்காக இருந்தால் கூலிக்காரனுக்கு அது என்றைக்கும் எட்டாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையானது. நூற்றுக்கு மேற்பட்ட தனியார் கம்பெனிகள் நான்கு அரசுக் கம்பெனிகளாயின. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. 1999-க்குப் பிறகு தனியாருக்கு மறுபடியும் கதவு திறந்தது.

‘ஆபத்தானவர்’ யார்?

அமெரிக்காவில் காப்பீட்டு விலை ஓட்டுநரைப் பார்த்துப் போடப்படுகிறது. குடித்துவிட்டு ஓட்டியவர், பலமுறை விபத்து செய்தவர், இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டவர் எல்லாரும் ‘அதிக ஆபத்துள்ள ஓட்டுநர்’ பட்டியலில் விழுவார்கள். பல மாநிலங்களில் அவர்கள் தனிச் சான்று தாக்கல் செய்து, பல மடங்கு பிரீமியம் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டின் கறுப்பின மக்களிடம் இந்த ‘ஆபத்து’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

1881-இல் புருடென்ஷியல் என்ற பெரிய கம்பெனி, கறுப்பினத்தவருக்கு அதே பிரீமியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான தொகைதான் தரப்படும் என்று அறிவித்தது. 1896-இல் அதே கம்பெனியின் புள்ளியியலாளர் பிரடெரிக் ஹாஃப்மன், கறுப்பினத்தவர் இயல்பிலேயே ஆபத்தானவர்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் மருத்துவமின்மையும் கொன்றவர்களை, இனம் கொன்றதாகக் கணக்கெழுதினார்கள். அது பழைய கதை என்று சொல்ல முடியாது. 2017-இல் புரோபப்ளிக்கா என்ற புலனாய்வு ஊடகம் நான்கு மாநிலங்களின் கார் காப்பீட்டு விலைகளை ஆராய்ந்தது. விபத்து இழப்பு ஒரே அளவில் இருந்தும், சிறுபான்மையினர் வாழும் பகுதிகளுக்குச் சில கம்பெனிகள் வெள்ளையர் பகுதிகளைவிட அதிக பிரீமியம் வாங்கியதை வெளிப்படுத்தியது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே மூன்றாம் நபர் பிரீமியம் ஓட்டுநரைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறது. அதை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பின்படி, ஆண்டுக்கு 1,000 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2,094 ரூபாய். 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய். 7,500 கிலோ வரையுள்ள வாடகைச் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். வரி தனி. பணக்காரரின் காருக்குக் கட்டுவதைப்போல ஏழெட்டு மடங்கு, தாட்கோ கடனில் குட்டி யானை வாங்கிய நம் பையன் கட்ட வேண்டும். அது பிழைப்புக்கு ஓடுகிற வண்டி, அதிகம் ஓடுகிறது, அதனால் ஆபத்து அதிகம் என்பது கணக்கு.

அப்படியும் கம்பெனிகளுக்குச் சரக்கு வண்டி பிடிக்காது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் கேட்டு வந்தால் தட்டிக்கழித்தார்கள். அதனால்தான் 2007 முதல் 2012 வரை எல்லாக் கம்பெனிகளும் நஷ்டத்தைப் பகிரும் பொதுத் தொகுப்பை ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருந்தது. பிறகு 2016 வரை ‘மறுக்கப்பட்ட வண்டிகளுக்கான தொகுப்பு’ என்று இன்னொன்று இருந்தது. 2021-இல் ஆணையத்தின் பணிக்குழு ஒன்று, போக்குவரத்து விதிமீறல்களுக்கு ஏற்பத் தனி பிரீமியம் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர் கூடுதலாகக் கட்டுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்தச் சாலையில், எந்த ஆளை, எந்த வண்டியைப் போலீஸ் நிறுத்துகிறது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பதிவேடு பிரீமியமாக மாறும்போது, நிறுத்தப்படுகிறவர்களே ஆபத்தானவர்கள் ஆவார்கள்.

எட்டாம் வகுப்பு என்ற சாவடி

இந்திய நீதிமன்றத்தில் ‘ஆபத்தான ஓட்டுநர்’ என்ற இடத்தில் பெரும்பாலும் நிற்பவர் குடிகாரர் இல்லை. சரியான லைசென்ஸ் இல்லாதவர். விபத்து வழக்கில் கம்பெனியின் முதல் கேள்வி அதுதான்: பேட்ஜ் இருக்கிறதா, வாடகை வண்டி ஓட்டும் உரிமம் இருக்கிறதா?

அந்த உரிமம் பெற எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் பிடிக்கவும் சாலைக் குறி படிக்கவும் தெரிந்த எத்தனையோ பேர், ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கவும் செங்கல் சூளைக்கும் அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. பள்ளியிலிருந்து நம்மை வெளியே தள்ளிய அதே சமூகம், பள்ளி முடிக்கவில்லை என்று சொல்லி லைசென்ஸையும் மறுத்தது. அந்த விதியை ஒன்றிய அரசு 2019-இல்தான் நீக்கியது. சாலிஸ்காவின் குதிரைவண்டி நினைவுக்கு வருகிறதா?

நீதிமன்றங்கள் இதில் பாதி வழி வந்திருக்கின்றன. ஓட்டுநரின் உரிமத்தில் குறை இருந்தாலும் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னது. அதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்தியது. குட்டி யானை ஓட்டும் தம்பிகள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

தொட்டியில் நின்றவர்கள்

இப்போது அந்த இருபது பேருக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது ‘எந்த ஒரு நபருக்கும்’ ஏற்படும் மரணம், காயம் என்று காப்பீட்டுப் பிரிவில் எழுதியிருந்தது. 1994 நவம்பரில் அமலான திருத்தம், சரக்கின் உரிமையாளரும் அவருடைய பிரதிநிதியும் இதில் அடங்குவர் என்று சேர்த்தது. 1999-ஆம் ஆண்டில் சத்பால் சிங் வழக்கில், சரக்கு வண்டியில் போன பயணிக்கும் காப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலிக்காரர்களுக்கு ஒரு கதவு திறந்தது. அது நெடுநாள் திறந்திருக்கவில்லை. ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்றது. சரக்கு வண்டி சரக்குக்கானது, பயணிக்காக யாரும் பிரீமியம் வாங்கவில்லை, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்பது அதன் சாரம்.

கம்பெனிகளின் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டவிரோதம், ஆபத்தானது. வாங்காத பிரீமியத்துக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் கணக்கு நிற்காது. ஆனால் அந்தச் சட்டவிரோதத்தைச் செய்தவர் யார்? வண்டியை அனுப்பியவர், ஏற்றச் சொன்னவர், பேருந்து விடாத நிர்வாகம். தண்டனை யாருக்கு? ஏறியவருக்கு. ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் ஏறியவருக்கு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வண்டி உரிமையாளரின் தொழிலாளியாகச் சரக்கு வண்டியில் போனால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியான பொறுப்பைக் காப்பீடு ஏற்க வேண்டும். அதாவது சுமை தூக்கும் தொழிலாளிக்குப் பாலிசியில் இடமுண்டு. அதே வண்டியில் அவருக்குப் பக்கத்தில் நின்று நடவுக்குப் போகிற பெண்ணுக்கு, அவர் வயல்காரரின் கூலி என்பதால், இடமில்லை. இருவருக்கும் ஒரே பள்ளம், ஒரே மரணம். காகிதத்தில் இரண்டு விதி.

பிறகு வந்த சில தீர்ப்புகள் கடுமையைக் கொஞ்சம் குறைத்தன. 2017-இல் மனுவாரா கத்தூன் வழக்கிலும் 2019-இல் அனு பன்வாரா வழக்கிலும், இலவசப் பயணி என்று சொல்லப்பட்டவர்களுக்கும் கம்பெனி முதலில் பணம் கொடுத்து, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இது எல்லா வழக்கிலும் தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. கேட்டுப் பெற வேண்டியது. நல்ல வழக்கறிஞர் அமைந்தால் கிடைக்கும், இல்லையென்றால் விவசாயியின் மேலோ வண்டிக்காரரின் மேலோ ஒரு தீர்ப்புக் காகிதம் கிடைக்கும். அதை வசூலிக்க ஆயுளே போய்விடும்.

பைக்கிலும் இதே கதைதான். வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் சொல்லும் முழுப் பாலிசியில்தான் உண்டு. ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டி, தானே விழுந்து செத்தவர், உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் இல்லை என்று 2009-இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரவல் வண்டியில் போகிறவர்கள் யார் என்று நாம் எழுதித் தெரியவேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு 41 ரூபாய்

இழப்பீடு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு? இங்கேதான் சாதி, வேலையின் வடிவத்தில் உள்ளே வருகிறது.

1994-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருமானம் இல்லாதவரின் ஆண்டு வருமானத்தை 15,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. நாளைக்கு 41 ரூபாய். அந்த எண் 2018 மே மாதம் வரை, 24 ஆண்டுகள், மாற்றப்படாமல் சட்டப் புத்தகத்தில் இருந்தது. வீட்டு வேலை செய்யும் மனைவிக்கு, கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு. பெண்ணின் வீட்டு உழைப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2001-இல் லதா வாத்வா வழக்கிலிருந்து 2021-இல் கீர்த்தி வழக்கு வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதைச் சொல்லியே தீர்ப்பாயங்கள் வருமானத்தைக் குறைத்தன. 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில், மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்ன ஒரு கூலித் தொழிலாளிக்குத் தீர்ப்பாயம் 3,000 மட்டும் போட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கூலியிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி 4,500-ஐ ஏற்றது. 2014-இல் சையது சாதிக் வழக்கில், 2008-இல் அடிபட்ட காய்கறி வியாபாரிக்கு மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 வயதுப் பெண், கூலி வேலை, நம்பியிருப்போர் நான்கு பேர். மாத வருமானம் 10,000 என்று தீர்ப்பாயம் ஏற்றால், ஆண்டுக்கு 1,20,000. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 1,68,000. சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,26,000. 2009-இல் சர்லா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கெண் 16. மொத்தம் 20,16,000 ரூபாய். அதே பெண்ணின் வருமானத்தை 6,000 என்று எழுதிவிட்டால் 12,09,600. ஒரு வரியில் ஒரு எண் மாறினால் பிள்ளைகளின் கையிலிருந்து 8,06,400 ரூபாய் போய்விடுகிறது. நிரந்தர வேலையில் இருந்திருந்தால் 40 சதவீதம் 50 ஆகும், அதே வருமானத்துக்கு 21,60,000 கிடைக்கும். நிரந்தர வேலை யாருக்கு வாய்த்தது, தினக்கூலி யாருக்கு விதித்தது என்பதை இந்தப் பெருக்கல் கேட்பதில்லை. ஆனால் பதிலைத் தன் விடைக்குள் வைத்திருக்கிறது.

பேருந்தின் கதையும் சொல்லியாக வேண்டும்

சரக்கு வண்டிக்கு மாற்று பேருந்து. தமிழ்நாட்டில் 1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வளர்ந்தது நமக்குப் பெரிய விடுதலை. தனியார் முதலாளியின் தயவு போய், டிக்கெட் எடுத்தவர் உட்காரலாம் என்றானது. ஆனால் அந்தப் பேருந்தின் நெற்றியில் நம் பெயர் வந்தபோது என்ன நடந்தது? 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதும், அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் கலவரமாயின. அரசு கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. ஒரு தலித் வீரனின் பெயரை ஏற்க முடியாமல் எல்லாப் பெயரையும் இழக்கச் சம்மதித்த சமூகம் இது.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அதிகாலையில் வேலைக்குப் போகும் நேரத்துக்குப் பேருந்து, நம் தெரு முனைவரை வர வேண்டும். வராத பேருந்தில் இலவசம் என்பதும், ஏறிய குட்டி யானையில் ‘இலவசப் பயணி’ என்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு முகங்கள்.

நாம் செய்ய வேண்டியது

வரலாறு தெரிந்துகொள்வது சும்மா இருப்பதற்காக இல்லை. ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் கையில் இருக்க வேண்டிய சில செய்திகள்:

விபத்து நடந்தால் முதல் வேலை சிகிச்சை, இரண்டாவது வேலை முதல் தகவல் அறிக்கை. ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். பேசி முடிப்பதில் முடிவது நம் வழக்குதான். அறிக்கையில் யார் வண்டி அனுப்பினார், எந்த வேலைக்குப் போனார்கள் என்பது எழுதப்பட வேண்டும். பின்னால் வழக்கின் உயிர் அந்த வரியில்தான் இருக்கும்.

வண்டி எண்ணை வைத்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பரிவாகன் செயலியில் உடனே பார்த்துக்கொள்ளலாம். பாலிசி மூன்றாம் நபருக்கு மட்டுமா, முழுப் பாலிசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருப்பூரில் வேலைக்குப் போய் அடிபட்டவரின் குடும்பம் அங்கே அலைய வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள்.

தவறு யாருடையது என்று நிரூபிக்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. இடித்துவிட்டு நிற்காமல் போன அடையாளம் தெரியாத வண்டி என்றால், உயிருக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறத் தனித் திட்டம் உண்டு. பலர் கேட்பதே இல்லை.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். பெண்களுக்கும் அப்படியே. வட்டச் சட்டப்பணிக் குழுவுக்குப் போங்கள். வருமானத்துக்கு ஆதாரம் கேட்டால் நூறு நாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், உடன் வேலை செய்தவர்களின் சாட்சியம் எல்லாவற்றையும் கொடுங்கள். ராமச்சந்திரப்பா தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை நடந்த பிறகு செய்வது. நடக்காமலிருக்கக் கேட்க வேண்டியவை வேறு. வேலை நேரத்துக்கு, குடியிருப்பு வரை பேருந்து. கூலிக்கு ஆள் அழைப்பவரே பாதுகாப்பான வண்டிக்கும் அதன் காப்பீட்டுக்கும் பொறுப்பு என்ற சட்டம். அதுவரை, சரக்கு வண்டியின் பிரீமியத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து, அதில் ஏற்றப்பட்ட கூலித் தொழிலாளருக்கும் பாதுகாப்பு தருகிற திருத்தம். வாங்காத பிரீமியத்துக்குப் பொறுப்பில்லை என்று சொன்னார்கள் அல்லவா? வாங்கட்டும். அதைக் கூலிக்காரரிடம் வாங்க வேண்டாம், அவரை வேலைக்கு ஏற்றிப்போகிறவரிடம் வாங்கட்டும்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கால்தான் 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும் பைக்குகளுக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு ஒரேயடியாகக் கட்டாயமானது. ஒரு மனிதர் விடாமல் கேட்டதால் நாடு முழுவதும் மாறியது. 1924-இல் சாலையை ஒருவர் கேட்டார், கிடைத்தது. அதற்குப் பின் பேருந்தைக் கேட்டோம், கிடைத்தது. இப்போது கேட்பது அந்தக் காகிதத்தில் ஒரு வரி. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்த வரியை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

ஜெய் பீம்.